காயப்போட்ட பச்சை

எங்கள் ஊரில் ஒருவர் காயப்போட்டதை ஊரே காயவைக்கும். களத்தில் கம்பு கிடந்தால், அந்த வழியாகப் போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடை காலால் உழுதுவிட்டுத்தான் போவார். மல்லி கிடந்தாலும் உளுந்து கிடந்தாலும் மிளகாய் கிடந்தாலும் யாருடையது என்று கேட்பதில்லை. அடியில் இருப்பது மேலே வர வேண்டும், மேலே இருப்பது அடியில் போக வேண்டும், அவ்வளவுதான். மேகம் திரண்டால், சொந்தக்காரர் வந்து சேர்வதற்குள் அடுத்த வீட்டுக்காரர் குவித்துச் சாக்குப் போட்டு மூடியிருப்பார். நல்ல பழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இந்த நல்ல பழக்கத்தால் என் முனைவர் பட்டம் ஏறக்குறைய கை நழுவிப் போனது.

நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். அப்போது ஒப்பந்த வேலை. முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். என் ஆராய்ச்சிப் பதிவுக்கோ கடைசி நீட்டிப்பும் கொடுத்தாகிவிட்டது. எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படலம், வெங்காயத் தோல் கனத்தில், முழுக்க ஒரே பச்சையாக. அதை முனைவர் பட்டக் குழுவின் முன் கையில் எடுத்துக் காட்ட வேண்டும்.

அந்தப் பச்சையில் ஒரு துளி சாயம் இருக்கக் கூடாது. சமாச்சாரமே அதுதான். பருத்திப் பஞ்சைக் கந்தக அமிலத்தில் பக்குவமாகச் சூடாக்கினால், இளகிய பகுதிகள் கரைந்துபோய் இறுகிய பகுதிகள் மட்டும் மிகச் சிறிய குச்சிகளாக மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாது, கல்லூரி நுண்ணோக்கிக்கும் தெரியாது. தண்ணீரில் கலந்து கிடக்கும் அந்தக் குச்சிகள், தண்ணீர் வற்ற வற்றத் தாமாகவே வரிசை கட்டும். ஓர் அடுக்கு ஒரு பக்கம் பார்த்தால் அடுத்த அடுக்கு ஒரு துளி திரும்பியிருக்கும், அதற்கடுத்தது இன்னும் ஒரு துளி, சுற்றுப் படிக்கட்டு மாதிரி. அந்தச் சுற்று நெருக்கமாக இருந்தால் வெளிச்சத்தில் நீலம் மட்டும் திரும்பி வரும். தளர்வாக இருந்தால் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே பச்சை. தண்ணீராக ஓடவும் செய்யும், படிகமாக வரிசை கட்டவும் செய்யும் என்பதால் இதற்குத் திரவப் படிகம் என்று பெயர்.

இதற்கு வேண்டியது நல்ல பருத்தி, அது எங்கள் காட்டிலேயே விளைகிறது. உப்பில்லாத தண்ணீர் வேண்டும், அது எங்கள் பக்கத்தில் எந்தக் கிணற்றிலும் கிடையாது, கேன் கேனாக டிஸ்டில்டு வாட்டர்தான். மூன்றாவதாக, ஊற்றி வைத்த தட்டை ஐந்து நாள் யாரும் சீண்டாமல் இருக்க வேண்டும். மூன்றில் இதுதான் லேசானது என்று நினைத்தேன் பாருங்கள், அதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் காயவைக்க முடியவில்லை. சாலையோரக் கட்டடம். லாரி போனால் மேசை அதிரும், அதிர்ந்தால் படலத்தில் அலை விழும். வீட்டிலோ, எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் என் புகுந்த வீட்டில், ஓர் உள் அறை உண்டு. ஒன்றரை முழச் சுவர். சன்னல் கிடையாது, மின்விசிறி கிடையாது. உளுந்து மூட்டைகள் மட்டும் இருக்கும். வெயில் எப்படி அடித்தாலும் உள்ளே ஒரே சூடு, ஒரே ஈரப்பதம். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கும் பெட்டிகள் செய்கிற வேலையை அந்த அறை சும்மா செய்துகொண்டிருந்தது. பாட்டிலில் கரைசலைக் கொண்டுவந்து நாலு பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றி, மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் வைத்துவிட்டு நிம்மதியாகக் கல்லூரிக்குப் போனேன்.

மூன்றாம் நாள் கல்லூரி விட்டு வந்து கதவைத் திறந்து பார்த்தால் நாலு தட்டிலும் கூழ் காய்ந்த பாத்திரம் மாதிரி வரிவரியாக வெள்ளை. என் மாமியார் அடுப்படியிலிருந்து நிதானமாகச் சொன்னார்.

"மேல ஆடை கட்டிருச்சு, அடியில ஒரே ஈரம். இப்பிடிப் போட்டா எப்பக் காயும்? அதான் ஒரு கிண்டு கிண்டி விட்டேன்."

"அத்தை, அதைக் கிண்டக் கூடாது."

"கிண்டாம எப்பிடிட்டி காயும்?"

உட்கார வைத்து விளக்கினேன். குச்சி, அடுக்கு, சுற்று, வெளிச்சம் எல்லாம் சொன்னேன். மயில் தோகையிலும் இப்படித்தான், நுணுக்கமான அடுக்குகள் சேர்ந்துதான் அந்த நீலமும் பச்சையும் வருகிறது என்றேன். அவர் முகம் அப்போதுதான் மாறியது.

"மயிலா? வெதச்ச உளுந்தப் பூராவும் பொறக்கித் தின்னுட்டுப் போகுதே, அந்த மயிலா? அதோட கலரு நமக்கு எதுக்கு?"

மயிலை விட்டுவிட்டேன். டிவியில் இருப்பதும் ஒருவகைத் திரவப் படிகம்தான் என்று சொல்லி வைத்தேன். மறுநாள் எதிர் வீட்டு அக்கா, ஓடாத டிவி ஒன்றைத் துண்டில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "டீச்சர், படம் வருது, பாதிதான் வருது" என்றார். அதையும் அரைமணி நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஊற்றும்போது, கிண்டவே கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனேன். அத்தை கிண்டவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் மொட்டை மாடியில் வெயிலில் வைத்துவிட்டார். சாயங்காலம் வந்தபோது தட்டுகளில் படலம் இல்லை, அப்பளத் தூள்தான் இருந்தது.

"வெளிய வெயிலு கொள்ளை கொள்ளையா அடிக்கி. நீ இருட்டுக்குள்ள வெச்சு அஞ்சு நாள் காயப்போடுத. ஊருல சிரிக்க மாட்டாவளா?" என்றார். அவருடைய கவலை நிஜமானது. பங்குனி வெயிலில் நாலு மிளகாயைக் காயவைக்கத் தெரியாத வீடு என்று பேர் வந்துவிடக் கூடாது.

மூன்றாம் முறை கதவில் ஒரு தாள் ஒட்டினேன். "தட்டுகளைத் தொடாதீர்கள்." அத்தைக்கு நன்றாகவே வாசிக்கத் தெரியும், தினசரிப் பேப்பரில் வரன் தேடும் விளம்பரம் வரை விடமாட்டார். அந்தத் தாளையும் வாசித்திருக்கிறார். இரண்டாம் நாள் நான் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "நான் எங்க தொட்டேன்? வெளக்குமாத்துக் குச்சியாலதான் லேசா" என்றார்.

என் கணவரிடம் முறையிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "அவிய நல்லதுக்குத்தான் செய்யுதாவ. நீயும் கொஞ்சம் பொறுத்துப் போ" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்காத மருமகள் தெற்கத்திச் சீமையில் இருந்தால் அவளுக்குக் கோயில் கட்டலாம். கெட்டதுக்குச் செய்கிறவர்களைத் திட்டலாம், சண்டை போடலாம். நல்லதுக்குச் செய்கிறவர்களை என்ன செய்வது? அவர்கள் கெடுத்ததற்கு நாம் நன்றியும் சொல்லிவிட்டு நிற்க வேண்டும்.

குழு புதன்கிழமை உட்காரும் என்று தேதி வந்தது. இன்னும் ஒன்பது நாள். நான் கோவில்பட்டி பஜாரில் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு தட்டு மட்டும் ஊற்றினேன். அறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

அன்றைக்கு அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கென்ன, அந்த வாரமே ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். சொந்த வீட்டில், சொந்தக் காட்டு உளுந்து இருக்கிற அறைக்கு மருமகள் பூட்டுப் போட்டுவிட்டாள் என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது. குழாயடியில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வருத்தத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது.

ஆறாம் நாள் பூட்டைத் திறந்தேன். வீட்டில் கிடந்த பழைய குடையிலிருந்து ஒரு சதுரம் கறுப்புத் துணி வெட்டி வைத்திருந்தேன். இந்தப் படலத்துக்குக் கறுப்புப் பின்னணி வேண்டும், வெள்ளையில் வைத்தால் சோகையாகத் தெரியும். தட்டைத் துணிமேல் வைத்தேன். பச்சை. ஓரத்திலிருந்து ஓரம் வரை, மழைக்குப் பிறகு முளைத்த கம்பங்கொல்லை மாதிரி ஒரே பச்சை. தலையைச் சாய்த்தால் மெதுவாக நீலத்துக்குப் போனது, நிமிர்ந்தால் திரும்பி வந்தது. நான் உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை, ஏனென்றால் அப்போது வீட்டில் இருந்த ஒரே ஆள் என்னோடு பேசவில்லை.

புதன்கிழமை காலை. படலத்தை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, செய்தித்தாளில் சுற்றி, துணிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அத்தை விடியற்காலையிலேயே முதல் பஸ்ஸில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தார். நிறுத்தத்துக்கு எதிரேதான் களம். அதில் எங்கள் வீட்டு மிளகாய், இந்த வருடத்து வெள்ளாமை முழுதும், சிவக்கச் சிவக்கப் பரந்து கிடந்தது. தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அதற்கு மேலே, பங்குனியில் யாரும் கூப்பிடாத ஒரு மேகமும் தெரிந்தது.

முதல் சொட்டு என் கையில் விழுந்தது. பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. நான் பிறந்ததும் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில்தான். மிளகாயின் மேல் மழை விழுந்தால் என் கால் என்னிடம் கேட்டுவிட்டு ஓடாது. பையை நிறுத்தத்துத் திண்டில் வைத்துவிட்டு ஓடினேன். கூட நின்ற நாலைந்து பெண்களும் ஓடிவந்தார்கள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "மொளகா நனையுதுல்லா, வெரசாக் குவிங்க, வண்டி நிக்கும்" என்று சத்தம் கொடுத்தார். பஸ்ஸிலிருந்தும் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். கையால் கூட்டி, முறத்தால் தள்ளி, சாக்கு விரித்து, மேலே கல் வைத்து முடிப்பதற்குள் முழுக்க நனைந்துவிட்டோம். எல்லோரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம். எனக்குக்கூட அன்றைக்கு ஊர்மேல் ஒரு பாசம் வந்தது.

பையை மடியில் வைத்தபோது அது கனமாக இருந்தது. அந்த நிறுத்தத்துக் கூரை ஒழுகும் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

செய்தித்தாளைப் பிரித்தேன். கண்ணாடிக்கு நடுவே தண்ணீர் ஏறியிருந்தது. ஈரம் பட்டால் அந்தக் குச்சிகள் தள்ளித் தள்ளி உட்காரும், சுற்று தளரும், நிறம் சிவப்பை நோக்கி நகரும். பிறகு நிறமே போய்விடும். என் ஆராய்ச்சியில் ஓர் அத்தியாயமே இதைப் பற்றித்தான். ஓரத்தில் சிவப்பு, அதற்கு உள்ளே ஆரஞ்சு, அதற்கு உள்ளே மஞ்சள், நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பச்சை. எட்டயபுரம் வருவதற்குள் அந்தக் காசும் போய்விட்டது. கையில் மிளகாய்க் காந்தல், அந்தக் கையால் கண்ணைத் துடைத்தேன். அதோடு கல்லூரி போய்ச் சேரும்வரை கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

குழுவில் மூன்று பேர். கண்ணாடிக்கு நடுவே இருந்த கோழையைப் பார்த்தார்கள். செல்போனில் இருந்த படங்களைக் காட்டினேன். "படத்தில் எந்தப் பச்சையும் வரும் அம்மா" என்றார் மூத்தவர், மரியாதையாகத்தான். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மிளகாய் அள்ளப் போனேன் என்று முனைவர் பட்டக் குழுவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். ஒருவர் இருமினார்.

வராந்தாவில் என் நெறியாளர் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தி ஒரு மூச்சுத் திட்டினார். பிறகு, "அடுத்த செவ்வாய் வேற பிள்ளைகளுக்கு இதே குழு உட்காரும். கடைசியில உங்களைச் செருகுதேன். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். ஆய்வகத்தில் ஒரே ஒரு பாட்டில் கரைசல் மிச்சம், ஒரு தட்டுக்குத்தான் வரும். புதிதாகச் செய்து, கழுவி எடுக்கவே இரண்டு வாரம் ஆகும். ஆக, ஒரு தட்டு, ஐந்து நாள், ஒரு தடவை.

அந்தப் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தேன். அத்தை திரும்பி வந்து குளித்து முடித்திருந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினார்.

"காத்து கெழக்க இருந்துல்லா வந்துச்சு. நீ சாக்க மேக்க பாத்துப் போட்டிருக்க. ஓரத்துல ஒரு கூடை நனைஞ்சு போச்சு."

வாயைத் திறந்திருந்தால் அன்றோடு அந்த வீட்டில் எனக்கு இருப்பு இல்லை. உள்ளே போய்க் கடைசித் தட்டை ஊற்றினேன். பூட்டிவிட்டு வெளியே வந்தபோது அத்தை அங்கேயே நின்றிருந்தார்.

"ஒன் பையில இருந்த தாளு நனைஞ்சு போச்சாமே. பஸ்ல வந்தவ சொன்னா."

"ஆமா."

"மொளகாய விட்டுட்டுப் போயிருக்கலாம்ல."

இதற்குத்தான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "விட்டுட்டு பஸ் ஏறியிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"இருந்திருக்க மாட்டேன்" என்றார். "வேலையும் போயிருமா?"

"இது வரலேன்னா போயிரும்."

அவர் நனைந்த கூடை மிளகாயைப் பிரித்துப் போடப் போய்விட்டார்.

நான் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். தட்டைக் காவல் காக்கத்தான். வியாழக்கிழமை காலை திறந்து பார்த்தேன். பத்து மணிக்கு ஒரு தடவை. சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று உள்ளே போகும், அது கெடுதல் என்று என் ஆய்வேட்டிலேயே எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பார்க்கும்போது பலகை ஒரு பக்கம் சரிந்திருப்பது மாதிரி இருந்தது. தட்டை ஒரு நூல் நகர்த்தினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. விரலைக் கொண்டுபோய் விளிம்பில் வைத்தும்விட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி."

விரலை எடுத்துக்கொண்டேன். அத்தை வாசலில் நின்றார்.

"நேத்துலருந்து ஒம்போது வாட்டி தெறந்துட்ட. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். மொளகா போட்டாக்கூட நாங்க இத்தன வாட்டி போய்ப் பாக்க மாட்டோம். சாவிய இங்கன குடு. நீ காலேஜுக்குப் போ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிண்டியவர் இவர், வெயிலில் வைத்தவர் இவர், விளக்குமாற்றுக் குச்சிக்காரரும் இவர். இவர் என்னைக் குற்றம் சொல்கிறார். அதைவிடக் கோபம், அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பு இல்லை என்பது. பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பார்களா என்று நினைத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதன் பிறகு கல்லூரியில் நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மாணவிகளுக்கும் தெரிந்திருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் வரும்போது எதிர் வீட்டு அக்கா சல்லடை கேட்டு நின்றிருந்தார். சல்லடை உள் அறையில்தான் தொங்கும். "செவ்வாக்கெழம வா" என்று அத்தை சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு மாவு ஆட்ட வேண்டும், உளுந்து உள்ளே மூட்டை மூட்டையாக இருக்கிறது. அத்தை கடைக்குப் போய் ஒரு கிலோ உளுந்து வாங்கி வந்தார். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கடை உளுந்து வாங்காதவர். பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்ததை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். இட்லி கல்லாக இருந்தது, கடை உளுந்தைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவரே பூட்டைத் திறந்தார். திறந்துவிட்டு விலகி நின்றார்.

நான் உள்ளே போனேன். தட்டைக் குடைத் துணிமேல் வைத்தேன். பச்சை. ஓர் ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு வளையம், அது நான் ஒன்பது தடவை திறந்ததன் வரும்படி.

"அத்தை, வாங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"தெரியுது, தெரியுது. நல்லாத்தான் இருக்கு" என்றார். "நான் அங்கன வந்தா கை சும்மா இருக்காது. நீ எடுத்துட்டுப் பொறப்படு. மானம் மூடிக்கிட்டு நிக்கி. கொடை கொண்டு போன்னு சொல்லலாம்னா, கொடையத்தான் நீ வெட்டிட்டியே."

படலத்தை எண்ணெய்த்தாளில் சுற்றி, தூக்குச் சட்டிக்குள் வைத்து, மூடியை இறுக்கினேன். தெருவில் இறங்கியபோது அவர் வாசல் வரை வந்தார்.

"போற வழியில யாரு களத்துல எது நனைஞ்சாலும் நீ எறங்காத. நம்ம மொளகாயா இருந்தாலும் எறங்காத."